சாவி கொடுக்காத ரயில்

நான் குழந்தை பார்த்துக்கொள்ளும் வீட்டுப் பாப்பாவுக்கு இன்று மூன்றாவது பிறந்தநாள்.

ஒரகடத்தில் இருக்கும் அந்த வீட்டு ஷோகேஸில் ஒரு தகர ரயில் உண்டு. சாவி கொடுத்தால் ஓடுமாம். 1991-இல் பாப்பாவின் அப்பாவுக்கு, அதாவது நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவருக்கு, சின்ன வயதில் வாங்கியது. இன்னும் கவர்கூடப் பிரிக்கவில்லை.

வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் சொல்வார்: "நானே ஒரு வாட்டிகூட தொட்டதில்ல. புச்சு மாதிரியே கீது பாருங்க."

இதில் என்ன பெருமையோ!

பாப்பா தினமும் அந்தக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கும். இன்று அழுதேவிட்டது.

"பொறந்தநாளும் அதுவுமா இன்னாத்துக்கு அழ வெக்கிற? எடுத்துதான் குடேன்," என்றார் பாப்பாவின் அம்மா, அதாவது அக்கா.

அண்ணன் பெரிய மனது பண்ணி எடுத்தார். "நீ தொடாத, அப்பா ஓட்டிக் காட்டறேன்" என்று சாவியைத் திருகினார். உள்ளே முழுக்கத் துரு. ஸ்பிரிங் டக்கென்று அறுந்துவிட்டது.

"பாத்தியா? இதுக்குத்தான் கேக்காதன்னு சொன்னேன்!" என்று பாப்பாவிடம் பாய்ந்தார்.

தொடாத குழந்தைக்குத் திட்டு. கொஞ்சமும் வெட்கமில்லை.

அதோடு விடவில்லை. பரிசாக வந்த மரக்கட்டை செட்டையும் பிரிக்காமல் ஷோகேஸுக்குள் வைத்துப் பூட்டினார். "ஸ்கூல் சேந்தப்பறம் ஆடட்டும். மூளை வளர்ச்சிக்கு நல்லதாம்."

யார் மூளைக்கு என்று கேட்க ஆசைதான்.

அவர் செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பியதும் அக்கா ஷோகேஸ் சாவியை என்னிடம் நீட்டினார். நான் பெட்டியைக் கிழித்துக் கட்டைகளைப் பாப்பா மடியில் கொட்டினேன். இரண்டில் ஏற்கெனவே பல் பதிந்துவிட்டது.

நாளைக்கு அவர் கேட்டால் என்ன சொல்வது? நல்ல பொய்யாக யாராவது எழுதுங்கள்.