கோடு விழாத பதினொரு பக்கங்கள்

சிறு பத்திரிகை நடத்தும் நண்பர் ஒருவர், சென்ற ஓராண்டில் படித்த நாவல்களில் எனக்குப் பிடித்தவற்றைப் பற்றி எழுதித் தரச் சொன்னார். நானும் நாலைந்து கதைகளை அச்சில் பார்த்தவன் என்பதால், கனமான பெயர்களாகச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் படித்ததெல்லாம் பூதமும் மந்திரவாதியும் பறக்கும் கட்டிலும்தான். அதுவும் வாய்விட்டு, ஒரே ஒருத்திக்காகப் படித்தேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

எனக்குத் துறைமுகத்தில் டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து கிரேன் இறக்கும் மூட்டைகளை எண்ண வேண்டும். மூட்டைக்கு ஒரு கோடு, நாலு கோட்டின் மேல் ஐந்தாவதைச் சாய்த்து ஒரு கட்டு. கண்ணால் பார்க்காத மூட்டைக்குக் கோடு கிடையாது. பக்கத்தில் நிற்பவன் சத்தியம் செய்தாலும் கிடையாது. பதினாறு வருஷமாக இதையே செய்து, பென்சிலைத் தொட்டாலே என் கை கோடு போடுகிறது.

வீடு ராயபுரத்தில், ஸ்டேஷனுக்குப் பின்புறம். ஒரு முற்றத்தைச் சுற்றி நாலு குடித்தனம். என் மனைவி காசிமேட்டில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள். எழுத்துப் படிக்கத் தெரியாது, மற்ற எல்லாம் தெரியும். எங்களுக்கு இரண்டு முறை பிள்ளை தங்கவில்லை. முதல் முறை மூன்றாம் மாதத்தில் போயிற்று, அடுத்த முறை ஆறாம் மாதத்தில். மூன்றாவது முறை உண்டானபோது லேடி டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தி, பிரசவம் வரைக்கும் படுத்தே இருக்கச் சொன்னார். மனசைக் கலக்குகிற மாதிரி அவள் காதில் எதையும் போடாதீர்கள் என்று என்னிடம் தனியாகவும் சொன்னார். அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

படுத்த நாலாம் நாளே அவள் பொறுமை இழந்துவிட்டாள்.

"எம்மா நேரம் மோட்டுவளையப் பாத்துகினு கெடக்குறது? உனுக்குத்தான் படிக்கத் தெரியுமே, எதுனா படியேன்."

வண்ணாரப்பேட்டையில் குடை விற்கும் பாய் ஒருவர், கடையின் ஒரு மூலையில் நாவல்களை வாடகைக்கு விட்டு வந்தார். மழைக்காலத்தில் குடை, மற்றக் காலத்தில் நாவல் என்பது அவர் கணக்கு. குடைக்குப் போக மிஞ்சிய கறுப்புத் துணியாலேயே எல்லாப் புத்தகத்துக்கும் அட்டை போட்டிருந்தார். அதனால் எந்தப் புத்தகத்தைப் பார்த்தாலும் துக்க வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கும். உள்ளே என்னவோ ஒரே கொண்டாட்டம்தான்.

முதலில் கொண்டுவந்தது பறக்கும் கயிற்றுக் கட்டில் கதை. ஒரு வியாபாரி அதில் உட்கார்ந்து ஏழு மலை தாண்டிப் போகிறான். வேலை விட்டு வந்து முகம் கழுவி, வெளிச்சம் இருக்கும்போதே படிக்க உட்காருவேன். நான் நாலு பக்கம் படித்ததும் அவள் தன் கட்டிலின் கால்மாட்டைப் பார்த்து, "அவன் கட்டிலுக்குச் செங்கல் வெக்கல போல, அதான் பறக்குது" என்றாள். அன்றைக்குத்தான் அந்த வீட்டில் பல நாள் கழித்துச் சிரிப்புக் கேட்டது. அதனால் அந்த நாவலின் குறைகள் எதையும் நான் சொல்லப்போவதில்லை.

இரண்டாவது, எட்டுத் தலைப் பூதம். நல்ல விறுவிறுப்பு. ஆனால் இளவரசன் வெட்டிய தலைகளை என் கை தானாக ஓரத்தில் கோடு போட்டு எண்ணியதில், ஒன்பது வந்தது. திரும்ப எண்ணினேன். ஒன்பதேதான்.

"ஒன்னு மறுக்கா மொளச்சிருக்கும். பூதத்தாண்ட போயி டாலி பாக்குற ஆளு நீ ஒருத்தன்தான்" என்றாள்.

மூன்றாவது, கடலுக்கு அடியில் ஒரு ராஜ்ஜியம். எனக்கு அந்த வர்ணனைகள் மிகவும் பிடித்திருந்தன. அவளுக்குப் பிடிக்கவில்லை. முத்து மண்டபத்தில் தீவட்டி எரிந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள். "தண்ணிக்கு அடில தீவட்டியா? இத்த எய்துனவன் மொயங்கால் தண்ணில கூட எறங்கினதில்ல." அதன் பிறகு ஆழத்தில் வெளிச்சம் எப்படி இருக்கும் என்று அவள் அப்பா சொல்லக் கேட்டதையெல்லாம் எனக்குச் சொன்னாள். நாவலைவிட அது நன்றாக இருந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது பாயிடம் இதைச் சொல்ல, அடுத்த புத்தகம் அந்த அம்மாவே எழுதட்டும் என்றார்.

இதற்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டிருந்தது. படித்து முடித்த ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்னதாக ஒரு கோடு போடுவேன், ஐந்தாவது பக்கத்தில் சாய்வுக் கோடு. எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை. பகலெல்லாம் புத்தகம் அவள் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கும். படம் பார்ப்பாள், என் கோடுகளையும் பார்ப்பாள். அவள் அப்பாவும் மீன் கூடைக்கு ஒரு கோடு என்று படகில் கரிக்கட்டையால் போட்டவர்தான். அவளுக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்து அது ஒன்றே.

ஐப்பசியில், அவளுக்கு எட்டாம் மாதம் தொடங்கியபோது, நாலாவது நாவல் வந்தது. ஒரு ஊரையே மந்திரவாதி கல்லாக்கிவிடுகிறான். கர்ப்பிணியான ராணி மட்டும் தப்பித்து, ஊரை எழுப்ப வழி தேடி அலைகிறாள். பாய் புத்தகத்தைக் கொடுக்கும்போதே சொன்னார்: "தம்பி, இதுல நடுவால ஒரு எடம் பேஜாரா கீது. வூட்ல படிக்கிறதுக்கு மின்னாடி நீங்க ஒருவாட்டி பாத்துக்குங்க."

வரும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தேன். ராணி குகையில் பிள்ளை பெறுகிறாள். பிள்ளை மூச்சு விடவில்லை. அதை மண்ணில் வைத்துவிட்டு அவள் ஊருக்கு நடக்கிறாள். குடிக்கப் பிள்ளை இல்லாத பால் மார்பிலிருந்து வழிந்து சிலைகளின் மேல் விழ, ஒவ்வொருவராக எழுகிறார்கள். பதினொரு பக்கம். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கல்மண்டபம் வரை போய்விட்டேன்.

அந்த இடம் வந்த மாலையில், பதினொரு பக்கத்தையும் விரலுக்குள் ஒன்றாகப் பிடித்துத் திருப்பினேன். கண்ணைப் புத்தகத்திலேயே வைத்துக்கொண்டு, குகைக்குள் ராணிக்கு ஒரு பச்சிலை கிடைத்தது, அதைக் கசக்கித் தெளித்ததும் ஊர் எழுந்தது, பிள்ளை அரண்மனையில் சௌக்கியமாகப் பிறந்தது என்று சொன்னேன். பிறகு அவற்றுக்கு அடுத்த பக்கத்திலிருந்து பிள்ளையைப் பற்றிப் பேச்சு வராமல் பார்த்துப் படித்து, வழக்கம்போல் கோடு போட்டேன். அவள் உம் கொட்டிக்கொண்டே இருந்தாள். நான் நன்றாகப் புளுகுகிறேன் என்று எனக்கே ஒரு பெருமை.

இரண்டு நாள் கழித்து அவள் கேட்டாள், "அந்தப் பச்சில பேரு இன்னா சொன்னே?"

நான் பேர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கல்லெழுப்பி என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அடுத்த வாரம் அதன் பூ என்ன நிறம் என்றாள். மஞ்சள் என்றேன். இன்னொரு நாள், வாசனை எப்படி, ஆடு மாடு தின்னுமா என்றாள். அந்தச் செடியை நான் அவ்வளவு விவரமாக வளர்த்துவிட்டேன், கடைசியில் எண்ணூர் பக்கம் உப்பு மண்ணிலும் வரும் என்றுகூடச் சொல்லியிருந்தேன். அவள் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டாள். கதை பிடித்துப்போய்விட்டது என்று நான் நினைத்தேன்.

மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. அது அழுத சத்தத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கேட்டேன். உட்கார இடம் தேடினேன்.

வீட்டுக்கு வந்து பத்து நாளிருக்கும். கட்டிலின் செங்கல்களை எடுத்து முற்றத்து ஓரம் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கல்லெழுப்பி எங்க கெடைக்கும்?" என்றாள்.

எண்ணூர் என்று ஆரம்பித்தேன்.

"கம்னு இரு. பச்சிலயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பாலு."

நான் பச்சிலைக் கதை சொன்ன மறுநாள் மத்தியானமே அவளுக்குத் தெரிந்துபோயிற்றாம். புத்தகத்தைப் புரட்டியவள், நடுவில் பதினொரு பக்கத்தில் கோடு இல்லாததைப் பார்த்திருக்கிறாள். படிக்காத பக்கத்துக்கு நான் கோடு போட மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டேன், கைக்கு அந்தப் பொய் வரவில்லை. எதிர்க் குடித்தனத்தில் கோயில் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த அக்கா ஒருத்தர் இருந்தார். அவரைக் கூப்பிட்டு அந்தப் பக்கங்களைப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். அவர் பாதியில் அழுது நிறுத்த, இவள்தான் படி படி என்று முடிக்க வைத்தாளாம்.

"தெரிஞ்சுகினேதான் ரெண்டு மாசமா என்னை ஆட்டி வெச்சியா?"

"பின்ன? நீ அம்மாம் அயகா சொல்லிகினு இருந்தே. வாணான்னு சொல்ல மனசு வரல."

குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"போன வாட்டி எனுக்கும் பாலு வந்திச்சி. புள்ள போயி மூணாம் நாளு. துணிய இறுக்கிக் கட்டி வுட்டாங்க. யாரும் அத்தப்பத்தி ஒரு வார்த்த பேசல. எனக்குத்தான் இன்னாவோ ஆயிடிச்சின்னு நெனச்சிகினு இருந்தேன். அந்த ராணிக்கும் வந்திச்சின்னு அக்கா படிச்சப்புறம்தான் பயம் போச்சி."

எனக்கு இது தெரியாது. அதே அறையில் அதே நாட்களில் நானும் இருந்தேன். காலையில் போய் ஆயிரக்கணக்கான மூட்டைகளை ஒன்று விடாமல் எண்ணிவிட்டு, சாயங்காலம் வந்து அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டிருக்கிறேன். அவளுக்காகத்தான் அந்தப் பக்கங்களைத் தாண்டினேன் என்று நம்பியிருந்தேன். பயந்தது நான். அதை நினைத்து வெட்கப்பட்டேன், இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

"அந்தப் பொஸ்தகம் பாய்கிட்ட கீதா?"

"இருக்கும்."

"எட்தா. நீ படிச்சி நான் கேக்கணும்."

மறுநாளே கொண்டுவந்தேன். சாயங்கால வெளிச்சத்தில், குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்க, பதினொரு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தேன். ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் அவள் பென்சிலை எடுத்துக் கொடுத்தாள். ஐந்தாவதிலும் பத்தாவதிலும் கோட்டைச் சாய்த்துப் போட்டேன். பதினொன்றாவது கோட்டை மட்டும் அவள் பென்சிலை என்னிடம் கொடுக்காமல் தானே போட்டாள்.