பலூன் படம் போட்ட கடதாசிக் கோப்பை

2004ஆம் ஆண்டு, ஒக்டோபர் மாதம். ஒஸ்லோவில் டாக்சி ஓடிக்கொண்டிருந்தேன். கார் என்னுடையது அல்ல. டாக்சி லைசென்ஸ் வைத்திருந்தவர் நகரின் ஓரத்தில் புருசெத்தில் இருந்த ஒரு அண்ணை. எங்கள் பக்கத்து ஊர்க்காரர். பகலில் நான் ஓடுவேன். ஓட்டக் காசில் ஒரு பங்கு எனக்கு.

ஊரில் அவருடைய ஆட்களின் கிணற்றில் எங்கள் ஆட்கள் தண்ணீர் அள்ள முடியாது. ஒஸ்லோவில் அவர் அதைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை. நானும் கதைத்ததில்லை. சாவி கொடுக்கப் போனால் வாசலில் நிற்பேன். அவ்வளவுதான்.

அந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டும். மனைவியும் மகனும் கொழும்பில் ஒரு அறையில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தேன். நிலையான வேலையும் வருமானமும் இருந்தால்தான் விடுவார்கள். நான் படித்தது ஆறாம் வகுப்பு. மகனைக் கைக்குழந்தையாகப் பார்த்ததுதான்.

அந்த மாதம் தென்னாபிரிக்காவிலிருந்து ஒரு நாவலாசிரியை வந்திருந்தார். கறுப்பினப் பெண். எழுபது வயது இருக்கும். அண்ணையின் மகள் பள்ளிக்கூடத்தில் அவருடைய நாவலைப் படித்திருந்தாள். நூலகத்தில் அவர் பேசும் கூட்டம் முடிந்ததும் தேநீருக்கு வீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்டுவிட்டாள். அவரை ஹோட்டலிலிருந்து ஏற்றி வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் என் பொறுப்பு.

கூட்டத்தில் கடைசி வரிசையில் இருந்தேன். அவருடைய ஆங்கிலத்தை ஒருவர் நோர்வே மொழியில் மாற்றிச் சொன்னார். வெள்ளையர் ஆண்ட காலத்தில் கறுப்பருக்கு வேறு பஸ், வேறு பள்ளிக்கூடம், பூங்காவில் இருக்க வேறு வாங்குப் பலகை. எல்லாம் சட்டமாக இருந்ததாம். அவருடைய தாய் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை. பின்கதவால் போய்ப் பின்கதவால் வந்தவர். அதைத்தான் முதல் நாவலாக எழுதினாராம். அரசாங்கம் தடை செய்தது. பொலிஸ் தேடியது. எல்லை தாண்டிப் போனவர், அந்தச் சட்டங்கள் ஒழிந்த பிறகுதான் நாடு திரும்பினார். அதற்குள் தாய் செத்துப்போனார். அவர் சொன்னதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. வாங்கு விசயம் நன்றாக விளங்கியது.

அண்ணையின் வீட்டு மாடிக்குக் கீழே காரை நிறுத்தினேன். நான் காரில் இருக்கிறேன் என்றேன். நாவலாசிரியை விடவில்லை. குளிருது வா என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அப்படித்தான் முதல் தடவையாக அந்த வீட்டுக்குள் போனேன். சோபாவின் நுனியில் இருந்தேன்.

அண்ணையின் மனைவி தேநீர் கொண்டுவந்தார். எல்லோருக்கும் பூப்போட்ட பீங்கான் கோப்பை. எனக்கு மட்டும் கடதாசிக் கோப்பை. ஏதோ பிறந்தநாளில் மிஞ்சியது. பலூன் படம் போட்டிருந்தது. வாங்கினேன். சூடு விரலைச் சுட்டது.

நாவலாசிரியை தன் கோப்பையைத் தொடவில்லை. என் கையைப் பார்த்தார். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அண்ணையின் பிள்ளை சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

“அங்கிள், உங்களுக்கு மட்டும் ஏன் பேப்பர் கப் எண்டு கேக்கிறா. இண்டைக்கு உங்களுக்குத்தான் பேர்த்டே எண்டு சொல்லட்டோ?”

ஒருவரும் சிரிக்கவில்லை.

“அவருக்கு அதுதான் பிடிக்கும். காரிலை குடிச்சுப் பழகினவர். அப்பிடிச் சொல்லு பிள்ளை,” என்றார் அண்ணை.

அவள் சொன்னாள். நாவலாசிரியை மெதுவாகக் கதைக்கத் தொடங்கினார். பிள்ளை துண்டு துண்டாகத் தமிழில் சொன்னாள்.

“அவவின்ரை அம்மாவுக்கும் அந்த வீட்டிலை தனிக் கோப்பையாம். தகரக் கோப்பை. வெளியிலை ஆணியிலை கொழுவியிருக்குமாம். ஆரும் விருந்தாளியள் கேட்டால் வீட்டுக்காரி சொல்லுவாவாம்...”

அவள் நிறுத்திவிட்டாள்.

“என்னவாம்?” என்றார் அண்ணையின் மனைவி.

“அவளுக்கு அதுதான் பிடிக்கும் எண்டு.”

நாவலாசிரியை அண்ணையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத் திரும்பவும் கேட்டார். பிள்ளையின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

“அங்கிள், உங்களுக்கு அது பிடிக்குமோ எண்டு உங்களட்டைத்தான் கேக்கிறா.”

“ஓம் எண்டு சொல்லு தம்பி,” என்றார் அண்ணை. குரல் தணிந்திருந்தது. ஆனால் எனக்கு அது போதும்.

கார்ச் சாவி என் காற்சட்டைப் பையில் இருந்தது. கொழும்பு அறை நினைவுக்கு வந்தது. ஓம் சொல்வது எனக்குக் கஷ்டமே இல்லை. பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகியதுதான். வாயைத் திறந்தேன்.

“இல்லை.”

பிள்ளை அதை மொழிபெயர்க்கவில்லை. தகப்பனைப் பார்த்து நோர்வே மொழியில் வேகமாக ஏதோ கேட்டாள். உள்ளே போய்ப் படி என்றார் அவர். அவள் போகவில்லை.

திரும்பும்போது நாவலாசிரியை முன்சீற்றில் என் பக்கத்தில் இருந்தார். ஹோட்டல் வாசலில் இறங்குமுன், எனக்கு விளங்கும்படி சின்னச் சின்ன ஆங்கிலத்தில் சொன்னார். நான் நாளைக்குப் போய்விடுவேன், நீ இங்கேதான் இருக்க வேண்டும், நான் கேட்டிருக்கக் கூடாது, மன்னித்துக்கொள் என்றார். பரவாயில்லை என்றேன். அது உண்மை இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் காலை அண்ணையின் போன் வந்தது. சாவியைக் கொண்டுபோனேன். அண்ணை வாசலில் வைத்தே வாங்கினார். சண்டை ஒன்றும் பிடிக்கவில்லை. “வேறை ஆளைப் பாத்திட்டன்” என்றார். பள்ளிக்கூடப் பையோடு பின்னால் நின்ற பிள்ளை என்னோடு லிப்டில் இறங்கினாள். கீழே வந்ததும் கேட்டாள்.

“அம்மா முந்தியும் உங்களுக்கு இப்பிடித்தான் தந்தவவோ?”

“நான் முந்தி உள்ளை வந்ததில்லை, பிள்ளை.”

பிறகு பக்கத்துப் பகுதியான எல்லிங்ஸ்ருட்டில் துப்பரவு வேலை கிடைத்தது. அரை நேரம்தான். வருமானம் காணாது என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். முழுநேரமானதும் மறுபடி போட்டேன். மனைவியும் மகனும் வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் பிந்தியது. விமான நிலையத்தில் மகன் என்னைக் கண்டு தாய்க்குப் பின்னால் ஒளித்தான்.

நடந்ததை மனைவிக்குச் சொன்னேன். “ஒரு ஓம் சொல்லியிருந்தால் என்ன குறைஞ்சு போயிருப்பியள்?” என்று கேட்டாள்.

அவள் கேட்டது நியாயம்தான். அந்த ஒரு வருடத்தை என்னால் மகனுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனாலும் நாவலாசிரியையின் கேள்வியை யாராவது இன்றைக்குக் கேட்டாலும் என் வாயில் அந்தச் சொல்தான் வரும்.