செரஃபிம் சிரிக்கும் படம்

இருபத்தொரு வருஷம் சீஸ் ஆலையில் நாற்பது பவுண்டுக் கட்டிகளைப் புரட்டிப் புரட்டி வைத்த இடலினாவுக்கு அங்கே ஒன்றும் ஆகவில்லை. சொந்த வீட்டுக் கொல்லையில் எலுமிச்சை பறிக்க ஏறிய ஏணி சறுக்கி, விழுந்த வேகத்தில் வலது தோளின் தசைநார் அறுந்துபோனது. ஏப்ரல் முதல் வாரத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. பன்னிரண்டு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். அதுவரை மாநில அரசு வாராவாரம் உதவித்தொகை கொடுத்தது.

“தர்மமா குடுக்கிறான்? இருபத்தொரு வருஷமா என் சம்பளத்துல பிடிச்சு வெச்சதத்தானே குடுக்கிறான்” என்பாள் இடலினா, யாரும் கேட்காமலே.

ஜூன் கடைசியில் பன்னிரண்டு வாரம் முடிந்தது. கை நெஞ்சு உயரத்துக்கு மேல் ஏறவில்லை. தலை வாரக்கூடக் கணவன் டுவார்ட்டேதான் வர வேண்டியிருந்தது. பால் டாங்கர் ஓட்டுகிறவன் கை. சீப்பைப் பிடித்தாலும் ஸ்டியரிங் பிடிப்பதுபோலத்தான் பிடிப்பான். டாக்டர் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் பத்து வாரமாவது ஆகும் என்றார். உதவித்தொகையை நீட்டிக்க மருத்துவமனை ஒரு படிவம் அனுப்ப வேண்டும். முன்மேஜைப் பெண் “அனுப்பிடறேம்மா, நீங்க போங்க” என்றாள். இடலினா போகவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, அது போய்விட்டது என்று திரையில் காட்டிய பிறகுதான் எழுந்தாள்.

அந்த வாரம்தான் ஜில்பெர்டோ வீட்டுக்கு வந்தான். அவள் வேலை பார்த்த வரிசைக்குச் சூப்பர்வைசர். போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவிலிருந்து இரண்டு குடும்பமும் ஒரே வருஷம் கலிஃபோர்னியா வந்தவை. திருவிழா மன்றத்தில் அவன் சொல்லுக்கு ஒரு எடை உண்டு. அண்ணன் என்றுதான் அவனைக் கூப்பிடுவாள்.

“ஒண்ணாந்தேதி வந்துடு தங்கச்சி. சும்மா நின்னு லேபிள் ஒட்டினாப் போதும். டாக்டர்கிட்ட சரியாப் போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லு.”

“சரியாப் போகலியேண்ணே.”

“உன் எடத்துல இப்ப என் மச்சினி நிக்கிறா. நீ வரேன்னா வரேன்னு சொல்லு, இல்லேன்னா வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துட்டு நின்னுக்க. எத்தன நாள் அவள தற்காலிகம்னு வெச்சிருக்கறது?”

“டாக்டர் சொல்ற வரைக்கும்.”

ஜில்பெர்டோ சிரித்துக்கொண்டே எழுந்தான். “உன் இஷ்டம். அப்புறம் அண்ணன் சொல்லலியேன்னு வராதே.”

ஜூலை நடுவில் பணம் நின்றது. பின்னாலேயே கடிதம் வந்தது. ஜூன் திருவிழாவில் இவள் பாரம் தூக்கி வேலை செய்ததாகப் படத்தோடு தகவல் வந்திருக்கிறது, ஆகவே நீட்டிப்பு இல்லை, ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளில் மேல்முறையீடு செய்யலாம் என்று இருந்தது.

ஜூன் திருவிழாவில் இடலினா கைக்கட்டோடு ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எல்லோருக்கும் பரிமாறும் சோப்பாஸ் என்ற இறைச்சிக் குழம்பைக்கூட இடது கையால்தான் சாப்பிட்டாள். கடிதத்தை மூன்று தடவை படித்தாள். மறுநாளே மேல்முறையீடு எழுதிப் போட்டாள்.

ஆகஸ்ட் முதல் வாரம் விசாரணைக்கான காகிதக் கட்டு தபாலில் வந்தது. நடுவே அந்தப் படம் இருந்தது. ரொட்டி அடுக்கிய பெரிய தட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்கிறாள். வலது கை நேராக வானத்தைப் பார்த்து நிற்கிறது. அப்படி ஒரு கை தனக்கு இருந்ததா என்று ஒரு கணம் ஏக்கமாக இருந்தது. பிறகுதான் ஓரத்தைப் பார்த்தாள்.

ஓரத்தில் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு, வாய் நிறையச் சிரித்தபடி செரஃபிம் உட்கார்ந்திருந்தார்.

செரஃபிமைப் போன டிசம்பரில் அடக்கம் செய்தார்கள். பெட்டியைச் சுமந்தவர்களில் டுவார்ட்டேயும் ஒருவன்.

“இது போன வருஷத்துப் படம்” என்றாள் இடலினா. சத்தம் போட்டுச் சிரித்தாள். சிரிப்பு நின்றபோது முகம் வேறு மாதிரி இருந்ததாக டுவார்ட்டே பிற்பாடு சொன்னான்.

யார் எடுத்தது என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. படம் உயரத்திலிருந்து எடுக்கப்பட்டது. மன்றத்தில் உயரம் என்றால் சாமான் அறையின் மாடி ஜன்னல் ஒன்றுதான். போன வருஷம் ரொட்டிக்கும் ஒயினுக்கும் பொறுப்பு ஜில்பெர்டோ. அந்த அறைச் சாவி அவன் இடுப்பில்தான் தொங்கியது.

இதில் அவளை இன்னொன்றும் அறுத்தது. செரஃபிமின் மனைவி எர்மெலிண்டா எட்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாதா கோயில் வாசலில் நின்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். “அவரோட கடைசித் திருவிழா. நான் வாங்கிக் குடுத்த தொப்பி போட்டிருந்தாரு. யார்கிட்டயாவது ஒரு போட்டோ இருக்கா?” ஜில்பெர்டோவிடமும் கேட்டாள். இடலினா பக்கத்தில் நின்றிருந்தாள். அவன் நெஞ்சில் கை வைத்து, “ஒண்ணுகூட இல்லியேக்கா. இருந்தா குடுக்க மாட்டேனா?” என்றான்.

அடுத்த வாரம் ஜில்பெர்டோ இனிப்பு ரொட்டியோடு வந்தான். இடலினா இடது கையால் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

“ஆபீஸ்காரங்க ஏதோ தொந்தரவு பண்றாங்களாமே?”

“ஆமாண்ணே. எந்த நாயோ எழுதிப் போட்டிருக்கு.”

அவன் கரண்டியால் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். “காலம் கெட்டுப் போச்சு.”

“சர்க்கரை போடவே இல்லண்ணே நான். எத கலக்கறீங்க?”

ரொட்டியை அவன் போன பிறகு கோழிகளுக்குப் பிய்த்துப் போட்டாள்.

விசாரணை ஆகஸ்ட் கடைசியில் மொடெஸ்டோ நகரில் நடந்தது. சின்ன அறை, ஒரு பெண் நீதிபதி, பக்கத்தில் போர்த்துகீசிய மொழிபெயர்ப்பாளர். இடலினா பேச்சை வளர்க்கவில்லை. படத்தை மேஜையில் வைத்தாள். செரஃபிமின் அடக்கப் பூசையில் கொடுத்த நினைவு அட்டையை அதன் பக்கத்தில் வைத்தாள். அதிலும் செரஃபிமின் முகம், கீழே இறந்த தேதி.

“இந்த ஜூன்ல எடுத்த படம்னா, இந்தச் செத்த மனுஷன் எந்திரிச்சு வந்து எங்க ரொட்டிய சாப்பிட்டிருக்கணும்னு சொல்லுங்க அம்மாகிட்ட.”

மொழிபெயர்ப்பாளர் இருமிவிட்டுத்தான் அதை ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதி படத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். இதை யார் அனுப்பியிருப்பார்கள் என்று தெரியுமா என்று கேட்டார்.

“தெரியும். அது என் பாடு” என்றாள் இடலினா.

பத்து நாளில் தீர்ப்பு வந்தது. நீட்டிப்பு செல்லும், நிறுத்தி வைத்ததையும் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. தோள் இன்னும் இறுகிக் கிடந்ததால் டாக்டர் நவம்பர் வரை மறுபடி நீட்டி எழுதினார். அதுவும் மறுபேச்சில்லாமல் கிடைத்தது.

“ஜெயிச்சாச்சுல்ல? விட்டுடு இடா” என்றான் டுவார்ட்டே.

“ஜெயிச்சது ஆபீஸ்கிட்ட. அவன்கிட்ட இல்ல.”

“போய் நேரா கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?”

“கேட்டா இல்லம்பான். அழுவான். அண்ணன்பான். வேண்டாம். அவன் எங்க நிமிர்ந்து நிக்க ஆசப்படறானோ அங்க வெச்சுக் கேக்கறேன்.”

அந்த இடம் எது என்று ஊருக்கே தெரியும். அக்டோபர் இரண்டாம் ஞாயிறு பூசை முடிந்ததும் மன்றத்தில் அடுத்த வருஷத் திருவிழாத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஜில்பெர்டோ பதினைந்து வருஷமாகக் காத்திருந்தான். இந்த முறை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. தலைவரின் மகள்தான் திருவிழா ராணி என்பதால், மகள் ஊர்வலத்தில் உடுத்திப் போக வெல்வெட் துணிகூட வாங்கிவிட்டான்.

அதுவரை இடலினா தினமும் சமையலறைச் சுவரில் விரல்களை மேலே நகர்த்தும் பயிற்சியைச் செய்தாள். பிசியோதெரபிப் பெண் பத்து எண்ணச் சொல்லியிருந்தாள். எண்ணுக்குப் பதில் இடலினா அவன் பெயரைச் சொன்னாள். ஜில்பெர்டோ, ஒரு அங்குலம். ஜில்பெர்டோ, வலி கண்ணில் மின்னும், இன்னும் ஒரு அங்குலம். அக்டோபரில் கை நெற்றியைத் தாண்டிவிட்டது. “இவ்வளவு விடாமுயற்சி நான் பாத்ததே இல்ல” என்று மெச்சினாள் அந்தப் பெண்.

இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் எர்மெலிண்டா கோயில் வாசலில் நின்றாள். இடலினா அவளுக்கு வணக்கம் சொல்லி, உடம்பு விசாரித்து, படத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்காமல் காருக்குப் போனாள்.

அந்த ஞாயிறு வந்தது. மன்றத்தில் நூறு பேர் இருந்தார்கள். செயலாளர் ஜில்பெர்டோவின் பெயரைப் படித்து, யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று வழக்கத்துக்காகக் கேட்டார். இடலினா எழுந்தாள். பெரிதாக்கிச் சட்டம் போட்ட படத்தை எடுத்துக்கொண்டு எர்மெலிண்டா உட்கார்ந்திருந்த இரண்டாம் வரிசைக்குப் போனாள்.

“எர்மெலிண்டாக்கா, இந்தாங்க. நீங்க தேடின படம்.”

எர்மெலிண்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தொப்பியைத் தடவினாள், பிறகு முகத்தை. “இது… இது எங்கடி கெடச்சுது?”

“ஜில்பெர்டோ அண்ணன்கிட்ட கேளுங்க.”

நூறு தலை திரும்பியது. ஜில்பெர்டோவின் கழுத்து சிவந்தது. “எனக்கு எப்படித் தெரியும்?”

“இத இந்த ஜூன்ல எடுத்ததுன்னு சொல்லி யாரோ ஆபீஸுக்கு அனுப்பியிருக்காங்க. என் பணத்த நிறுத்தறதுக்கு. மாடி ஜன்னல்லேருந்து எடுத்த படம். போன வருஷம் அந்தச் சாவி யார்கிட்ட இருந்துச்சு?”

பின் வரிசையில் இறைச்சிக் கடைக்காரர் வலென்டிம் தொண்டையைச் செருமினார். “உங்கிட்டதானேடா இருந்துச்சு. ஒயின் கொண்டான்னு நான் ரெண்டு தடவ கீழேருந்து கத்தினேன். நீ செல்போன நீட்டிக்கிட்டு ஜன்னல்ல நின்னே.”

“ஒரு படம் எடுத்தா குத்தமா? அவள எடுத்தேன், அவ்வளவுதான்! செரஃபிம் அதுல இருக்கறத நான் பாக்கவே இல்ல!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. அவன் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

எர்மெலிண்டா மெல்ல எழுந்தாள். எழுபத்தாறு வயது. குரல் உயரவில்லை. “வாசல்ல நின்னு பிச்ச கேக்கற மாதிரி கேட்டேன் உங்கிட்ட. நெஞ்சுல கை வெச்சுச் சொன்னே இல்லேன்னு. எம் புருஷன் மொகம் எனக்குக் குடுக்கறதுக்கு இல்ல, ஒரு பொம்பள சோத்துல மண்ண போடறதுக்கு இருந்துச்சா?”

செயலாளர் பட்டியலை மடித்தார். தலைவர் தேர்தலை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைப்பதாகச் சொன்னார். அடுத்த மாதம் வலென்டிம்தான் தலைவரானார். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஆனார்.

அந்த மத்தியானம் இடலினாவுக்கு நடை மிதந்தது. வாகனங்கள் நிற்கும் இடத்தில் எர்மெலிண்டா படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். நன்றி சொல்லத்தான் நிற்கிறாள் என்று நினைத்து இடலினா பக்கத்தில் போனாள்.

“இது எப்ப உன் கைக்கு வந்துச்சு?”

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கில் வந்தும் விட்டது. “ஆகஸ்ட்டுல” என்றாள்.

“ஆகஸ்ட்டுல.” எர்மெலிண்டா அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். “போன ஞாயித்துக்கிழமகூட ஒன்கிட்ட கேட்டேனேடி. உடம்ப பாத்துக்கங்கன்னுட்டுப் போனே.”

“அக்கா, அவன் தப்பிச்சிடுவானோன்னு…”

“எனக்கு அவனும் வேண்டாம், நீயும் வேண்டாம்.” காரின் கதவைத் திறந்து, படத்தைத் தனக்குப் பக்கத்து இருக்கையில் வைத்து, அதற்கும் சேர்த்துப் பெல்ட் போட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு போனாள்.

நவம்பர் முதல் திங்கட்கிழமை இடலினா வேலைக்குத் திரும்பினாள். டாக்டர் கொடுத்த காகிதத்தில் சூப்பர்வைசர் கையெழுத்து வேண்டும். ஜில்பெர்டோ நிமிர்ந்து பார்க்காமல் கிறுக்கி நீட்டினான். அவள் வாங்கவில்லை.

“தேதி போடுங்க” என்றாள். “அண்ணே” என்று சேர்க்கவில்லை. “சரியான தேதியா போடுங்க.”

வரிசையில் நின்ற பெண்கள் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவன் தேதி போட்டான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்பே வேறு ஷிஃப்டுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டான். அவன் மச்சினிக்குப் பொட்டலம் கட்டும் பிரிவில் நிரந்தர வேலை கிடைத்தது. அவளோடு இடலினாவுக்குச் சண்டை ஒன்றும் இல்லை.

எர்மெலிண்டா வீட்டுக்கு இடலினா ஒரு தடவை சூப் கொண்டு போனாள். எர்மெலிண்டா பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. மூன்றாம் நாள் பாத்திரம் கழுவித் துடைத்துப் பக்கத்து வீட்டுக்காரி மூலம் திரும்பி வந்தது. இடலினா அதற்குமேல் போகவில்லை.

“இப்ப நெனச்சா எப்படி இருக்கு?” என்று டுவார்ட்டே ஒருநாள் கேட்டான்.

“அவன நெனச்சா நல்லா இருக்கு. இன்னொரு தடவ வாச்சாலும் அதேதான் செய்வேன்.” வலது கையால் தன் தலையைத் தானே வாரிக்கொண்டிருந்தாள். கை மேலே போகும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். “ஆனா படத்த மொதல்ல அக்காகிட்ட குடுத்துட்டுச் செய்வேன்.”