எங்கள் ஊருக்குப் பேறுகாலப் பணம் வந்து சேர்ந்த கதை

வலங்கைமான் பக்கத்து ஊர் ஒன்றுக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது, என் மாமியார்தான் அங்கே நடவு ஆட்களுக்குத் தலைவி. எந்த வயலுக்கு யார் போவது, யார் நாற்றுப் பறிப்பது, யார் நடுவது எல்லாம் அவர் சொல்படிதான். வேலை விஷயத்தைத் தவிர அதிகம் பேசமாட்டார். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். ஆகவே வீட்டிலும் வயலிலும் எனக்குத் துணை மாமியார்தான்.

அந்த நடவுக் கூட்டத்தில் வயிற்றுப்பிள்ளையோடு நடவு நடுகிறவள் எப்போதும் ஒருத்தியாவது இருப்பாள். பெற்று வந்தவளும் இருப்பாள். வரப்போரத்துப் பூவரச மரத்தில் பழைய சேலையால் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்குவாள். குழந்தை அழும். வரிசையை விட்டு உடனே எழுந்து போக முடியாது. பால் கட்டி ரவிக்கை நனைய, குனிந்தபடியே நட்டுக்கொண்டு போவாள். அதைப் பார்த்து யாரும் எதுவும் சொல்வதில்லை. மழை பெய்வது போல, வெயில் அடிப்பது போல அதுவும் ஒன்று என்றுதான் இருந்தோம்.

நான் முழுகாமல் இருந்தபோது, கிராமத்து நர்சம்மா வீட்டுக்கு வந்தார்.

“மாசமா இருக்கறவங்களுக்கு கவர்மெண்டு பணம் குடுக்குது, தெரியுமா?”

“எதுக்குங்க?”

“நல்லா சாப்பிடறதுக்கு ஒரு தவணை. புள்ள பொறந்தப்புறம் வேலைக்கு ஓடாம வீட்ல இருந்து பால் குடுக்கறதுக்கு இன்னொரு தவணை. உங்க பேர்ல, உங்க பேங்க் கணக்குக்குத்தான் வரும். வீட்டுக்காரர் கணக்குக்கு இல்ல.”

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் முதல் தவணை சொன்னபடியே வந்தது. அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போய் முட்டை, கடலைமிட்டாய், மாதுளம்பழம் எல்லாம் வாங்கினேன். எனக்கென்று நானே பழம் வாங்கியது அதுதான் முதல் தடவை. மாமியார் பையைத் திறந்து ஒரு பழத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவருக்குக் கோபமோ என்று பயந்தேன்.

“உனக்குன்னு குடுத்திருக்காங்க. நீயே தின்னு. யாருக்கும் பங்கு வைக்காத,” என்று சொல்லிப் பையை என் பக்கமாகத் தள்ளினார்.

தலைப்பிரசவத்துக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போனேன். அங்கே அரசு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையோடு திரும்பி வந்தபின் இரண்டாவது தவணைக்குக் காத்திருந்தேன். வரவில்லை. நர்சம்மாவைக் கேட்டேன்.

“நீங்க பட்டுக்கோட்டையில பெத்துட்டீங்க. அங்கேருந்து சான்று வந்தாத்தான் இங்க அனுப்ப முடியும்,” என்றார். அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கே ஆபீஸில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “நீங்க பதிவு பண்ணது உங்க ஊர்லம்மா. அங்க போய்க் கேளுங்க,” என்றார். திரும்ப இங்கே, திரும்ப அங்கே என்று அலைந்தேன். ஒரு பயணத்தில் பஸ்ஸிலேயே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. போதும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குள் சம்பா நடவு வந்துவிட்டது. கணவர் வேலை செய்த இடத்தில் ஆர்டர் குறைந்து, அவர் அனுப்புவதும் குறைந்திருந்தது. நான் தூளிக்குச் சேலை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது மாமியார் என்னைப் பார்க்காமலே முன்னால் நடந்தார்.

மத்தியானம் வரப்பில் சோறு சாப்பிடும்போது என் அலைச்சலைச் சொல்லிப் புலம்பினேன். பக்கத்தில் இருந்தவள் கையிலிருந்த கவளத்தை அப்படியே வைத்துவிட்டாள்.

“எனக்கும் வரலக்கா. எங்கம்மா வீடு தரங்கம்பாடி. அங்கதான் பெத்தேன்.”

“எனக்குந்தான்,” என்றாள் இன்னொருத்தி. “எங்க வீட்டுக்காரர்தான் வாங்கிக் குடிச்சிட்டாரோன்னு அவரோட சண்டை போட்டேன்!”

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபின் விஷயம் எங்களுக்குப் புரிந்தது. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போன எல்லாருக்கும் பணம் நின்றிருந்தது. போகாதவள் எங்கள் பக்கத்தில் யார் இருக்கிறாள்? அவரவர் தலையெழுத்து என்று தனித்தனியாக அழுதுகொண்டிருந்திருக்கிறோம்.

மாமியார் கை கழுவிக்கொண்டே கேட்டார். “காந்தி ஜெயந்திக்கு கிராம சபை கூடுதுல்ல?”

“ஆமா அத்தை.”

“அங்க எந்திரிச்சு சொல்லு.”

“நானா?”

“பின்ன நானா? பன்னெண்டாவது படிச்சவ நீதான. நாங்க எல்லாம் கூட வர்றோம்.”

காந்தி ஜெயந்தியன்று நடவுக் கூட்டம் முழுவதும் பள்ளிக்கூடத்து வளாகத்தில் வந்து உட்கார்ந்தது. தெருவிளக்கு, வாய்க்கால் தூர் வாருவது என்று ஒவ்வொன்றாகப் போனது. “வேற ஏதாவது?” என்று ஊராட்சித் தலைவர் கேட்டபோது எழுந்தேன். குழந்தை என் இடுப்பில் இருந்தது. பேசத் தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. பஸ், காய்ச்சல், அந்த ஆபீஸ், இந்த ஆபீஸ், தூளி எல்லாவற்றையும் சொன்னேன்.

நாங்கள் நடவு நடும் நிலத்துக்காரர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டார். “உங்க புள்ளைய நீங்க பெத்துக்கறீங்க. அதுக்கு அரசாங்கம் எதுக்கும்மா பணம் குடுக்கணும்?”

“குறுவைக்கு உங்களுக்கு விதை மானியம் குடுக்கறாங்கல்லங்க? வெள்ளத்துல போனா நிவாரணம் குடுக்கறாங்க. நெல்லு ஊருக்குச் சோறு போடும்னுதானே குடுக்கறாங்க? நாளைக்கு அந்த நெல்ல வெளைவிக்கறது யாருங்க? எங்க புள்ளைங்கதானே?”

பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் எழுந்தது. அது அடங்குவதற்குள் என் மாமியார் எழுந்து நின்றார். அவர் எழுவார் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

“எனக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சுங்க,” என்றார்.

எனக்கே அது தெரியாது. என் கணவர்தான் தலைமகன் என்று நினைத்திருந்தேன்.

“பெத்த ஈரம் காயல, அறுப்புக்குப் போயிட்டேன். போகலன்னா அடுப்பு எரியாது. வெயில்ல தூளியில கெடந்துச்சு. வயித்தால போயி, பால் குடிக்கக்கூட தெம்பு இல்லாம செத்துப்போச்சு. உங்க அப்பா வயலுதாங்க அது. அவரைக் குத்தம் சொல்லல. அப்ப இந்தப் பணம்னு ஒண்ணு இருந்திருந்தா, நான் வீட்ல இருந்திருப்பேன். அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். என்னிடமிருந்து குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். நான் அவர் தோளில் கை வைத்தேன். அவர் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

சபைக்கு வந்திருந்த ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா எழுந்தார். “எந்த ஊர்ல பெத்தாலும் பணம் உண்டு. சான்று வாங்கறது எங்க வேலை. பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு நீங்க அலைஞ்சிருக்கவே கூடாது. நானே அந்த ஆஸ்பத்திரிகளோட பேசறேன்,” என்றார்.

“பேசறேன்னா போதாதுங்க. தீர்மானத்துல எழுதணும்,” என்றேன். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இன்றும் தெரியவில்லை.

தலைவர் எழுதச் சொன்னார். வாசித்துக் காட்டியபோது முதலில் தூக்கிய கை அந்த நிலத்துக்காரருடையது. தலை குனிந்தபடியே தூக்கினார்.

நடவு முடிவதற்குள் ஒரு காலையில், வரப்பில் வைத்திருந்த என் போன் ஒலித்தது. பணம் வந்ததாகப் பேங்கிலிருந்து செய்தி. நான் கரையேறிக் கையைத் துடைத்துப் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த போன், அதற்கடுத்த போன். சேற்றுக் கையோடு எல்லாரும் கரைக்கு ஓடி வந்தார்கள். தரங்கம்பாடிக்காரி வரப்பில் நின்றபடி குலவை போட்டாள். அக்கம்பக்கத்து வயல்களில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மாமியார் பூவரச மரத்தடிக்குப் போய் என் தூளியை அவிழ்த்தார். குழந்தையை என் கையில் கொடுத்தார்.

“வீட்டுக்குப் போ. புள்ள நடக்கற வரைக்கும் இந்தப் பக்கம் உன்னப் பார்க்கக் கூடாது.”

அந்தப் பருவத்தின் அறுவடையை நான் வீட்டுக்குள் இருந்தே கேட்டேன். அறுவடை இயந்திரம் தெருவைக் கடந்து போக, என் மகள் வயிறு நிறையக் குடித்துவிட்டு மார்பிலேயே உறங்கினாள். பகல் வேளையில் பாயில் படுத்துக் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய செல்வம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதன்பின் பக்கத்து ஊர்ப் பெண்கள் வந்து தீர்மானத்தை எப்படி எழுதுவது என்று கேட்டுப் போனார்கள். இரண்டு ஊர்க் கிராம சபைகளுக்கு நானே போய்ப் பேசினேன். எங்கள் நடவுக் கூட்டமும் தனக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டது. பால் கொடுக்கிறவளை யாரும் வேலைக்குக் கூப்பிடக் கூடாது. அவள் இடம் அவளுக்காகவே இருக்கும். போன நடவில் அந்த நிலத்துக்காரர் ஆள் பற்றவில்லை என்று வந்து நின்றார். புதிதாகப் பிள்ளை பெற்றவளின் வீட்டைக் காட்டி, “அந்தப் பொண்ணு வராதா?” என்று கேட்டார்.

“வராதுங்க,” என்றார் என் மாமியார். “அது சம்பளத்தோட லீவுல இருக்கு.”