முழுக் கட்டுரை மட்டும்

இர்பித் நகரத்துப் பெண்கள் பள்ளியில் மாணவர் ஆலோசகராக இருந்த இப்திஹாலுக்கு ஊரார் பிள்ளைகளின் பிரச்சினையெல்லாம் அத்துபடி. சொந்தப் பிள்ளையின் பிரச்சினைதான் பிடிபடவில்லை. வீட்டில் வாய் ஓயாத துலீன், அதே பள்ளியின் முதல் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்லாரும் மரியாதையாக 'சித்' என்று அழைக்கும் தலைமையாசிரியை சுஹைலா கூப்பிட்டு அனுப்பினார்.

"ஆலோசகரோட பொண்ணே வாயைத் திறக்க மாட்டேங்குதுன்னா, மத்த அம்மாமாருங்க என்னை என்ன கேப்பாங்க? சிறப்புப் பள்ளிக்கு மாத்திடலாம். வியாழக்கிழமை கமிட்டி கூடி முடிவு பண்ணும்."

"வீட்ல நல்லா பேசறா, சித்."

"அப்படிச் சொல்லாத அம்மா யாரு?"

அன்று மாலை, முதுகலை படித்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கு ஓடினாள் இப்திஹால். கல்வி ஆய்வுகளின் தரவுத்தளத்தில் 'கூச்சம்' என்று தேடினாள். கல்லூரி மாணவர்களின் மேடைப் பயம் வந்தது. 'பேசாத குழந்தை' என்றாள். காது கேளாத பிள்ளைகள் வந்தார்கள். உளவியல் தரவுத்தளத்தில் 'பள்ளியில் மட்டும் பேசாமை' என்று தேடினாள். முடிவுகள் இல்லை என்றது திரை. உலகத்தில் என் குழந்தையைப் போல இன்னொரு குழந்தையே இல்லையா? கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கமிட்டி கூடறதுக்கு முன்னாடியே அழுது தீத்துடாதடி. நகரு" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் வகுப்புத் தோழி ஹியாம். "இங்க பாரு, 'முழுக் கட்டுரை மட்டும்'னு டிக் போட்டிருக்கே."

"நீ போடறதில்லையா? திறக்காத கட்டுரையைத் தேடி என்ன பண்றது?"

அந்தத் துறையில் எல்லாருமே அப்படித்தான். பல்கலைக்கழகம் சந்தா கட்டிய இதழ்கள் கொஞ்சம்; மற்றவற்றில் சுருக்கம்தான் தெரியும், கட்டுரை திறக்காது. அதனால் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த டிக்கைப் போடக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். திறக்காதது கண்ணில் படாது. கண்ணில் படாததை, 'இது குறித்து ஆய்வே இல்லை' என்று ஆய்வேட்டில் எழுதியும் விடுவார்கள். இப்திஹாலே இரண்டு முறை எழுதியிருக்கிறாள்.

ஹியாம் அந்த டிக்கை எடுத்தாள். திரை நிறைந்தது. முதல் ஆய்வுச் சுருக்கமே துலீனைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியது போலிருந்தது. அதன் கீழே, அந்த நிலைக்குத் தரவுத்தளம் வைத்திருந்த பெயர், பொருள் தலைப்பாக. அதைத் தொட்டதும் அதே பெயரின் கீழ் இன்னும் பல ஆய்வுகள். அதில் ஒன்று உள்நாட்டிலேயே, சல்த் நகரத்து ஆய்வாளர் எழுதியது. கட்டுரை திறக்கவில்லை, மின்னஞ்சல் முகவரி இருந்தது. துலீனைப் பற்றிச் சொல்லி, கட்டுரை கேட்டு எழுதினாள் இப்திஹால்.

மறுநாள் காலையில் கட்டுரை வந்தது, கூடவே இரண்டு வரி: 'சக ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒரு தாய் கேட்பது இதுவே முதல் தடவை.'

கமிட்டியில் சித் சுஹைலா தாள்களைப் புரட்டினார். "இதெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்குச் சரி."

"சல்த்துல பண்ணது, சித். இங்கிருந்து பஸ்லயே போய்ட்டு வந்துடலாம்."

ஒரு உறுப்பினர் சிரித்துவிட்டார். பருவம் முடியும்வரை அவகாசம் கிடைத்தது.

கட்டுரை சொன்னபடியே, துலீன் அம்மாவோடு பேசும் இடத்துக்கு ஆசிரியையைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வரச் செய்தார்கள். பள்ளி விட்டதும் காலி வகுப்பறையில் தாயும் மகளும் சீட்டு விளையாடினார்கள். வகுப்பாசிரியை மிஸ் ரவ்ஆ முதலில் தாழ்வாரத்தில் நடந்தார். பிறகு வாசலில் நின்றார். ஆசிரியையின் நிழல் தெரிந்தாலே துலீனின் உதடு ஒட்டிக்கொள்ளும். இப்திஹாலின் உயிர் போய் வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மிஸ் ரவ்ஆ உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். துலீன் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தாள்.

"ஏமாத்தாதம்மா! அந்தச் சீட்டை மறைச்சுட்டே!"

ஆசிரியை அசையவில்லை. இப்திஹால் மறைத்த சீட்டை எடுத்துக் கீழே போட்டாள்.