லிண்டால்வா அக்கா தளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை

லம்பரினா குன்றில் இன்று நிற்கிற வீடுகளில் பாதிக்கு மேல் என் கொத்துக் கரணை பட்டவை. மீதியைக் கட்டியவர்களும் என்னிடம் வேலை பழகியவர்கள்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும், பெருமைக்குத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புக்கு மேல் உட்காராதவன் நான். வடக்கே பராய்பா வறட்டுக் காட்டிலிருந்து லாரியின் பின்னால் பலகையில் குந்திக்கொண்டு ரியோவுக்கு வந்து சேர்ந்தபோது, என்னிடம் ஒரு சட்டையும் ஒரு பசியும் இருந்தன. இன்றைக்குக் குன்றின் அடிவாரத்தில் சிமெண்டும் கம்பியும் விற்கிற பெரிய கடை என்னுடையது. அதெமார் மேஸ்திரி என்று கேட்டால் பஸ் டிரைவர்கூட வழி சொல்வான்.

ஆனால் இது என் கதை இல்லை. என்னைவிட நெஞ்சழுத்தம் உள்ள ஓர் ஆளைத்தான் இந்தக் குன்றில் நான் பார்த்திருக்கிறேன். அது லிண்டால்வா அக்கா. போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. அவளைப் பற்றி எழுதிவைக்க யாரும் இல்லை. எனக்குத் தெரிந்த எழுத்தில் நானே எழுதுகிறேன்.

அக்காவும் என்னைப்போல வடக்கத்தி ஆள், செர்ஜிப்பியில் பிறந்தவள். சின்ன வயதிலேயே கடற்கரைப் பணக்காரர் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்தாள். கட்டினவன், சாவோ பாவ்லோவில் ஒரு வேலை முடித்துவிட்டு வருகிறேன் என்று போனான். அந்த வேலை கடைசிவரை முடியவில்லை. கைக்குழந்தை ஜில்வானியாவைத் தூக்கிக்கொண்டு குன்றேறி, பலகையும் தகரமும் வைத்து ஒரு குடிசை போட்டாள். பேருந்து நிலையத்து வாசலில் எண்ணெய்ச் சட்டி வைத்து, உள்ளே கறி பொதிந்த மாவு மடிப்பைப் பொரித்து விற்றாள். பலகைச் சுவர் போய்ச் செங்கல் சுவர் வந்தது. கட்டியது நான்தான். கூரை மட்டும் தகரமாகவே இருந்தது. மழை பெய்தால் உள்ளே பேசுவது கேட்காது.

எண்பதுகளின் கடைசியில் ஜில்வானியாவுக்குக் கல்யாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை நல்லவன், ஆனால் குடியிருக்க இடம் இல்லாதவன். இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் வாடகைக்கு ஓர் அறை பார்த்து வைத்திருந்தான். அக்கா கணக்குப் போட்டாள். தகரத்தைக் கழற்றிவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டால், அதன்மேல் மகளுக்கு ஒரு வீடு எழுப்பலாம். தளம் நின்றால் மகள் தலைக்கு மேலே; இல்லாவிட்டால் இரண்டு பஸ்ஸுக்கு அப்பால். வருஷக்கணக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்து ஜல்லி, மணல், சிமெண்ட் எல்லாம் வாங்கினாள். ஒரு தரம் போடத்தான் அது காணும். இரண்டாவது தரத்துக்கு வழியே கிடையாது.

எங்கள் குன்றில் தளத்துக்குக் கூலி ஆள் வைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லாரும் வருவார்கள். தெருவில் மண்வெட்டியால் கலவை போட்டு, தகர டின்னில் அள்ளி, படி நெடுக வரிசையாக நின்று கை மாற்றி மேலே ஏற்றுவார்கள். வீட்டுக்காரி பன்றிக் காதும் வாலும் போட்ட கறுப்பு பீன்ஸ் குழம்பு பெரிய அண்டாவில் கொதிக்க வைப்பாள். சாராயம் வேலை முடிந்த பிறகுதான். அது என் சட்டம். இன்னொரு சட்டம் என்னுடையது இல்லை, சிமெண்டுடையது: தொடங்கினால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்திவிட்டால் பழைய கலவையும் புதிய கலவையும் ஒட்டாது. அந்தக் கோட்டில்தான் மழை உள்ளே வரும், அந்தக் கோட்டில்தான் ஒருநாள் தளம் விரியும். அப்படிப்பட்ட தளத்தின்மேல் இன்னொரு வீடு கட்ட எந்த மேஸ்திரியும் கை வைக்க மாட்டான்.

அந்தச் சமயத்தில்தான் ஆர்னே வந்தான். நார்வேக்காரன், அவன் ஊரில் பால் வண்டி ஓட்டுகிறவன். ரியோவைப் பார்க்க வந்தவன் அக்காவின் எண்ணெய்ச் சட்டி முன்னால் தினமும் நின்று தின்றிருக்கிறான். ஓட்டல்காரர்கள் எங்கள் குன்றைக் கைகாட்டி, அங்கே ஏறிப்போன வெளிநாட்டான் செத்து, கண்ணாடிச் சட்டத்தில் மாட்டின படமாகத்தான் திரும்புவான் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவனுக்கோ அந்தக் குன்றைத்தான் பார்க்க வேண்டும். கேசட் போட்டுப் படித்த எங்கள் மொழியில், தட்டுத் தடுமாறி அக்காவிடம் கேட்டிருக்கிறான். அக்கா எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாளாம்.

"பாக்க அங்க என்ன இருக்கு, மிருகக் காட்சிசாலையா? வேடிக்கை பாக்கணும்னா வராத. ஞாயித்துக்கிழமை தளம் போடுறோம். டின்னு தூக்க வர்றதுன்னா வா."

வந்துவிட்டான். டாக்சிக்காரன் அடிவாரத்துக்கு முன்னாலேயே இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போயிருக்கிறான். அக்கா கீழே போய் அழைத்து வந்தாள். யார் வந்தாலும் முனையில் காவல் நிற்கிற கஞ்சாக் கும்பல் ஆட்கள் யார் வீட்டு விருந்தாளி என்று கேட்பார்கள். வீட்டுக்காரர் முன்னால் நடந்து பெயர் சொல்ல வேண்டும். அக்கா, "எங்க வீட்டுத் தளத்துக்கு வந்த ஆளு" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் ஏறினாள். பின்னால் இவன், வாசல் உயரத்துக்கு ஒரு மனிதன், சுட்ட இறால் நிறத்தில்.

வரிசையில் நின்றவர்களுக்கு அவனைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. கட்டிட வாயிற்காவலன் ஒனோஃப்ரேதான் முதலில் வாயைத் திறந்தான். இவன் போலீஸ் அனுப்பின ஆள், நாளைக்குக் குன்று முழுக்க பூட்ஸ் சத்தமாகத்தான் இருக்கும் என்றான். இரண்டு பேர் வீட்டில் வேலை இருப்பதாக முனகினார்கள். ஆள் குறைந்தால் கலவை நிற்கும். கலவை நின்றால் தளம் போச்சு. நான் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அக்கா, இவனை அனுப்பிடு. ஆளுங்க மிரளுறாங்க."

"அனுப்பினா ஒரு ஆளு குறையும் மேஸ்திரி. ஒனோஃப்ரே ரெண்டு ஆளு வேலை செய்வானான்னு கேட்டுச் சொல்லுங்க, அனுப்பிடுறேன்."

ஒனோஃப்ரேவுக்கு அது கேட்டுவிட்டது. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் தொடங்கச் சொன்னேன். ஆர்னேயைப் படியின் உச்சியில், தளத்துக்கு ஏறும் இடத்தில் நிறுத்தினேன். உயரமானவனுக்கு ஏற்ற இடம். அவனுடைய கையில் முதல் டின்னைக் கொடுத்தபோது பாதியைத் தன் காலில் கொட்டிக்கொண்டான். பத்துப் பதினைந்து டின்னுக்குள் வேலை பிடிபட்டுவிட்டது. பால் கேன் தூக்கிய கை அல்லவா. வரிசையில் பாட்டு தொடங்கியது. வார்த்தை தெரியாமல் இவனும் கூடவே முனகினான்.

பாதித் தளம் முடிந்திருக்கும். நான் மட்டப்பலகையை இழுத்துக்கொண்டு நடுவில் நின்றேன். அப்போது வாணம் வெடித்தது.

எங்கள் குன்றில் அந்தக் காலத்தில் வாணத்துக்கு ஒரே அர்த்தம்தான். போலீஸ் ஏறுகிறது. அதற்காகவே கஞ்சாக் கும்பல் ஆள் வைத்து வெடிக்கும். சத்தம் கேட்டால் ஜன்னலை அடை, விளையாடுகிற குழந்தையை இழு, தரையில் படு, தடித்த சுவருக்குப் பின்னால் போ. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. கால் தானாகச் செய்யும். ஒன்று, இரண்டு, பிறகு தொடர்ந்து வெடித்தது. கண் மூடித் திறப்பதற்குள் படியில் ஒருவரும் இல்லை. டின்கள் உருண்டன. மண்வெட்டி கலவையில் குத்தினபடி நின்றது. நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துப்பாக்கிக் குண்டு செங்கல்லை என்ன செய்யும் என்று செங்கல் அடுக்குகிறவனுக்குத்தான் தெரியும்.

அங்கிருந்து பார்த்தேன். ஆர்னே மட்டும் நிற்கிறான். ஆகாயத்தைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு, கையில் நிறைந்த டின்னோடு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல்.

அக்கா அண்டாவை விட்டுவிட்டுக் கீழிருந்து மேலே ஓடி வந்தாள். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "படு, படுடா" என்றாள். அவனுக்கு அந்த வார்த்தை கேசட்டில் இல்லை போலிருக்கிறது. டின்னை அவள் முன்னால் நீட்டினான். அக்கா டின்னைப் பார்த்தாள். பிறகு தளத்தைப் பார்த்தாள். பாதி ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. மறுபாதி வெறும் கம்பி. வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஈரத்தின் ஓரம் நிறம் மாறத் தொடங்கிவிட்டது.

அவள் அந்த ஓரத்தில் டின்னைக் கவிழ்த்தாள். காலி டின்னை அவனிடம் எறிந்தாள். அவன் படியிறங்கி ஓடி, தானே அள்ளிக்கொண்டு ஏறி வந்தான். மறுபடி இறங்கினான். வெடிச்சத்தத்துக்கு நடுவே ஒற்றை மண்வெட்டி சரக் சரக்கென்று தெருவில் கேட்டது. அக்கா ஈர ஓரத்தை மட்டும் விடாமல், கையாலேயே தள்ளித் தள்ளி உயிரோடு வைத்திருந்தாள். நடுவில் என் பக்கம் திரும்பினாள்.

"மேஸ்திரி, தொட்டிக்குப் பின்னால என்ன ரசமட்டம் பாக்குறீங்களா?"

"போலீசு வருது அக்கா."

"கலவைக்குப் போலீசு தெரியுமா? அது காயுது."

நான் வெளியே வந்தேன். வேறு என்ன செய்ய முடியும்? தளம் அவளுடையதாக இருக்கலாம், மட்டம் என்னுடையது. நான் பலகையைப் பிடித்ததும், ஒனோஃப்ரே தன் வீட்டு ஜன்னல் இடுக்கிலிருந்து, யார் வருகிறார்கள் என்று கிசுகிசுப்பாகக் கேட்டான். அக்கா நிமிரவே இல்லை. "யாரும் வரல. நீ வா" என்றாள்.

அவன் வரத்தான் செய்தான். போலீஸ் ஆள் என்று தன் வாயால் பழி சொன்ன அதே மனிதன் ஒற்றை ஆளாக மூச்சு வாங்கிக்கொண்டு படியேறுவதை எவ்வளவு நேரம்தான் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒனோஃப்ரே மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டான். பின்னாலேயே ஒருவர், இருவர், அப்புறம் வரிசை. இத்தனைக்கும் வெடிச்சத்தம் நின்றபாடில்லை. குனிந்த தலையோடு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, டின் கை மாறியது. அந்த மாதிரி மௌனமாகத் தளம் போட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சற்று நேரத்தில் கீழேயிருந்து சங்கதி ஏறி வந்தது. பக்கத்துச் சரிவின் தேவாலயத்தில் ரொட்டிக் கடை பெட்ரோனியோவின் மகளுக்குக் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வந்த சந்தோஷத்தில் வேறு ஊரிலிருந்து வந்த மாமன் ஒருவன் வாணத்தைக் கொளுத்தியிருக்கிறான். குன்றே கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. மணப்பெண்ணும் மண்டியிட்டுப் படியில் படுத்துவிட்டாளாம், வெள்ளைக் கவுனோடு. சிரிப்பு வரிசையின் அடியிலிருந்து உச்சிவரை டின்னோடு சேர்ந்து ஏறியது.

ஆர்னேயிடம் ஏன் ஓடவில்லை என்று ஜில்வானியா மெதுவாக, வார்த்தை வார்த்தையாகக் கேட்டாள். அவன் ஆச்சரியப்பட்டான். பாதித் தளம் முடிந்ததற்கு ஊரே வெடி போடுகிறது என்று நினைத்தானாம். மற்றவர்கள் இறங்கிப் போனது குடிக்கத்தான் என்று நினைத்தானாம். அதனால்தான் தான் நின்று கொஞ்சம் வேலை பார்க்கலாம் என்று.

தளம் முடிந்தது. முதல் தட்டு மேஸ்திரிக்கு. வழக்கப்படி நான் வாங்கிக்கொண்டேன், பன்றிக் காது இரண்டோடு. யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒனோஃப்ரே தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து ஆர்னேயின் பக்கத்தில் உட்கார்ந்தான். மன்னிப்பு என்றெல்லாம் பேசவில்லை. மரவள்ளி மாவைக் குழம்பில் எப்படிப் பிசைவது என்று காட்டிக்கொடுத்தான்.

ஆர்னே மறுநாள் தோல் உரிந்த கழுத்தோடு ஊருக்குப் போய்விட்டான். பிறகு வரவில்லை. இப்போது வெளிநாட்டுக்காரர்கள் திறந்த ஜீப்பில் வருகிறார்கள். வழிகாட்டி ஒருவன் குச்சியை நீட்டி எங்களைக் காட்டுகிறான். நல்ல மனிதர்கள்தான், என் கடையில் தண்ணீர் வாங்குகிறார்கள். ஆனால் டின் தூக்க வா என்று கூப்பிட அக்கா இல்லை. டின்னே இல்லை, கலவை லாரியில் வந்து குழாயில் ஏறுகிறது. அந்தக் குழாயையும் வாடகைக்கு விடுகிறவன் நான்தான்.

ஜில்வானியாவின் கல்யாண ஆட்டம் அந்தத் தளத்தின் மேலேயே நடந்தது. குன்று முழுக்க ஏறி நின்றது. பாண்டுக்காரன் அடிக்கிறான், ஒனோஃப்ரே கால் இடறாமல் ஆடுகிறான். எனக்கு அங்கே நிலைகொள்ளவில்லை. மெல்ல இறங்கி வீட்டுக்குள் போய், வெடி வெடித்தபோது கலவை நின்ற இடத்துக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். விளக்கைத் தூக்கிப் பிடித்தும் பார்த்தேன். மயிர்க்கோடு அளவுகூட விரிசல் இல்லை.

அக்கா எதற்கோ உள்ளே வந்தவள், என்னைப் பார்த்து நின்றாள்.

"எல்லாரும் மேல ஆடுறாங்க. நீங்க இங்க என்ன தேடுறீங்க?"

"விழாது அக்கா. இதுமேல இன்னும் ரெண்டு மாடி ஏத்தலாம்."

என் பக்கத்தில் வந்து நின்று அவளும் அண்ணாந்தாள். தலைக்கு மேலே நூறு கால்கள் திம் திம் என்று மிதித்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, ஓர் இடத்தைக் கையால் காட்டினாள்.

"அதோ, அது என் மக காலு" என்றாள்.