மூக்குத்தி கேசும் சரோஜாவின் புரமோஷனும்

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு என் மனைவி சரோஜாவுக்கு புரமோஷன் கிடைத்தது.

டிடெக்டிவ் வேலையில்!

பதறாதீர்கள். இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும் — சரோஜா எங்கள் வெள்ளானூர் வீட்டு வாசலைத் தாண்டி எந்த வேலைக்கும் போனவள் இல்லை. இப்போதும் போகவில்லை. கட்டிலில் சாய்ந்தபடி, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, லேப்டாப்பிலேயே போலீஸ் உத்தியோகம் பார்க்கிறாள்.

ஆறு வாரம் முன்னால் ஆவடி ஸ்டேஷன் படிக்கட்டில் மழை ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் முறிந்தது. ஆபரேஷன், பிளேட், கட்டு. பார்க்க வந்த எங்கள் மகள் கவிதா, தன் பழைய லேப்டாப்பை அம்மா மடியில் வைத்து ஒரு கேமைப் போட்டுக் கொடுத்தாள்.

“சீரியல் பாத்து அழுதுகிட்டு இருக்காம இத ஆடும்மா.”

அதில் சுடுவது, குதிப்பது எதுவும் இல்லை. ஒரு பொம்மை மனுஷியை உண்டாக்க வேண்டும். அவளுக்கு வீடு கட்டிக் கொடுத்து, குளிக்க வைத்து, சாப்பிட வைத்து, வேலைக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். வாழ்க்கைதான் விளையாட்டே. நம் வாழ்க்கையையே நமக்கு ஒழுங்காக நடத்தத் தெரியவில்லை, இதில் இன்னொன்றா என்று எனக்குத் தோன்றியது.

சரோஜா தன் பொம்மைக்கு சரோஜா என்றே பெயர் வைத்தாள். பேன்ட் போட்டுவிட்டாள். முடியைக் கிராப் வெட்டினாள்! ஆனால் அந்த ஊர் வீட்டில் பூஜை அறை கிடையாது. இரண்டு மெழுகுவர்த்தி ஸ்டாண்டும் ஒரு பூச்சாடியும் வாங்கி, ஈசானிய மூலையில் வைத்த பிறகுதான் பொம்மையை உள்ளே குடியேற்றினாள். லேப்டாப் மூலையில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள்.

என்ன வேலை என்று கேம் கேட்டது. டாக்டர் இருந்தது, விஞ்ஞானி இருந்தது. சரோஜா யோசிக்கவே இல்லை. டிடெக்டிவ்.

“ஏன் அது?” என்றேன்.

“நீங்க தொலைக்கிறத எல்லாம் முப்பது வருஷமா நான்தானே கண்டுபுடிக்கிறேன்? அனுபவம் இருக்குல்ல.”

என் மூக்குக்கண்ணாடியைத் தேடப் போய்விட்டேன்.

முதல் கேசிலேயே சறுக்கினாள். ஒரு வீட்டில் திருட்டு. கிடைத்த க்ளூ ஒன்றே ஒன்று — திருடியவர் தொப்பி போட்டிருந்தார். தெருவில் தொப்பி போட்டுக்கொண்டு ஒருவன் போனான். பாய்ந்து பிடித்து விலங்கு மாட்டிவிட்டாள். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால்... அவன் இல்லை! திருடியது தொப்பி போட்ட ஒரு பெண்மணி. சரோஜாவின் மார்க் சரசரவென்று இறங்கியது. அன்றைக்கு முழுக்க முகம் வாடிக் கிடந்தாள். “பாவங்க அந்த ஆளு. வேலைக்குப் போய்க்கினு இருந்தாரு” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பொம்மைக்குப் போய் வருத்தப்படுகிறாளே என்று சிரித்தேன். நான் சிரித்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு அவள் மாறிவிட்டாள். பொம்மை நன்றாகத் தூங்கிச் சாப்பிட்டால்தான் வேலைக்கு அனுப்புவாள். போகுமுன் அரை மணி நேரம் செஸ் ஆட வைப்பாள் — புத்தி ஒருமுகப்படுமாம். சம்பவ இடத்தில் ஒவ்வொரு தடயத்தையும் போட்டோ எடுப்பாள், சாட்சிகளை விசாரிப்பாள், எல்லாவற்றையும் ஸ்டேஷன் போர்டில் குத்திவைத்துப் பார்ப்பாள். மூன்று நான்கு க்ளூ சேராமல் யாரையும் தொடமாட்டாள். கேஸ் மேல் கேசாக முடிந்தது. மார்க் ஏறியது.

இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது மகேசு. எங்கள் எதிர்வீட்டுப் பெண். அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி தைக்கிற கம்பெனியில் மதிய ஷிப்ட். சரோஜா விழுந்த நாளிலிருந்து, யாரும் கேட்காமலே, தினம் காலையில் தன் சீப்போடு வந்துவிடுவாள். சரோஜாவுக்கு உடம்பு துடைத்து, தலைவாரிப் பின்னி, வெள்ளிக்கிழமையானால் பூஜை அலமாரியைத் துடைத்து விளக்கும் தேய்த்து வைப்பாள். பெற்ற மகளுக்கே இருந்து செய்ய முடியாததை அவள் செய்தாள்.

சரி, இப்போது மூக்குத்தி.

ஆபரேஷனுக்கு முன்னால் நகை எதுவும் இருக்கக்கூடாது என்று நர்ஸ் சரோஜாவின் மூக்குத்தியைக் கழற்றி, காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தார். கல்யாணத்துக்கு அவள் அம்மா போட்ட ஒற்றைக்கல் மூக்குத்தி. அதை வீட்டுப் பூஜை அலமாரியில் பித்தளைச் சம்புடத்தில் பத்திரமாக வைத்தேன். துளை தூர்ந்துவிடாமல் இருக்க சரோஜா மூக்கில் வேப்பங்குச்சி செருகிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் முன்பு, வியாழக்கிழமை காலை, “நாளைக்கு வெள்ளிக்கிழம. மூக்குத்திய எடுங்க” என்றாள். சம்புடத்தைத் திறந்தேன். பொட்டலம் இருந்தது. பிரித்தேன்.

உள்ளே குங்குமம்!

மூக்குத்தி இல்லை. யாரோ மூக்குத்தியை எடுத்துக்கொண்டு, தெரியாமல் இருக்கக் குங்குமத்தை மடித்து வைத்திருக்கிறார்கள்... வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் யார்? அலமாரியைத் தொடுகிறவர்கள் யார்?

நேரம் பாருங்கள், அதே நிமிஷம் மகேசு சீப்போடு கேட்டைத் திறந்தாள்.

“மகேசு, அந்த அலமாரிய நீதான துடைக்கிற?”

“ஆமாண்ணே. இன்னாத்துக்குக் கேக்கற?”

“ஒண்ணுமில்ல... சம்புடத்துல வச்ச மூக்குத்தியக் காணோம்.”

அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன்.

“அப்ப நான் எட்த்துகினேன்றியா?”

“நான் அப்படிச் சொல்லல.”

“சொல்லாமயே சொல்றியேண்ணே! ஒரு மாசமா அக்கா அக்கான்னு வந்துகினு கீறேன். ஒரு வா டீ குட்ச்சிருப்பனா உன் ஊட்ல?” குரல் உடைந்தது. “நாளிக்கு லீவு போட்டுக்கினு வரேன். சாயங்காலம் அம்மன் கோயில்ல தெருவே நிக்கும்ல? அங்க கைல கற்பூரம் ஏத்தி அணைச்சு சத்தியம் பண்றேன். அப்பவாவது நம்புவியா?”

சீப்பைக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயமில்லை. சத்தியம் உண்மையானது என்று தெரிந்தாலும், ‘கற்பூரம் அணைக்கிற நிலைமைக்கு வந்தவள்’ என்ற பேச்சு மிஞ்சிவிடும். தண்ணீர் பிடிக்கிற இடத்தில், கம்பெனி வேனில், நாளை அவள் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது... அந்தப் பேச்சு முன்னால் போய் நிற்கும்.

உள்ளே போனேன். சரோஜா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“எத்தினி க்ளூ வச்சிருந்தீங்க?”

“என்ன?”

“அவளப் புடிக்கிறதுக்கு எத்தினி க்ளூ வச்சிருந்தீங்கன்னு கேக்கறேன். தொப்பி போட்டவன நான் புடிச்சப்ப சிரிச்சீங்களே.”

அதற்கப்புறம் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குளித்து, விபூதி பூசிக்கொண்டு வந்து நின்றேன். “உக்காருங்க” என்றாள் சரோஜா. லேப்டாப் மூடியிருந்தது. மடியில் அந்தக் குங்குமப் பொட்டலமும், பழைய டைரி ஒன்றும் இருந்தன. டைரியில் ஏதோ எழுதி வைத்திருந்தாள்.

“ஆபரேஷன் அன்னிக்கு என்ன சட்ட?”

“நீலக் கட்டம்.”

“பாக்கெட் எத்தினி?”

“ஒண்ணுதான். இது எதுக்கு இப்ப?”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா வூட்டுக்கா வந்தீங்க?”

“இல்ல. வழியில அம்மன் கோயில்ல எறங்கினேன். உனக்காக அர்ச்சன பண்ணேன்.”

“பூசாரி என்ன குடுத்தாரு?”

“குங்குமம்.”

“கையிலயா?”

“இல்ல, பேப்பர்ல மடிச்சு... பாக்கெட்ல...”

சொல்லி முடிக்கவில்லை. சரோஜா பொட்டலக் காகிதத்தை விரித்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். தினசரிக் காலண்டர் தாள். ராகுகாலம், எமகண்டம் எல்லாம் அச்சடித்திருந்தது.

“நர்சம்மா என்ன, நல்ல நேரம் பாத்தா மடிச்சுக் குடுத்தாங்க?”

ஒரே பாக்கெட். இரண்டு பொட்டலம். கண்ணெல்லாம் தண்ணீர், மூக்குக்கண்ணாடி ஆஸ்பத்திரிப் பையில். கோயில் பொட்டலத்தை மூக்குத்தி என்று நினைத்துச் சம்புடத்தில் வைத்திருக்கிறேன்!

“அப்ப ஆஸ்பத்திரிப் பொட்டலம் எங்க போச்சு?” என்றாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அம்மன் படத்துக்கு முன்னால் நின்று, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசு வைத்து, கூடவே பாக்கெட்டில் இருந்த ‘குங்குமத்தையும்’ பிரிக்காமல் வைத்து முடிந்தேன். படத்துக்குப் பின்னால் செருகினேன். வேண்டுதல் முடிச்சு. யாரும் தொடமாட்டார்கள். மகேசுகூட அந்தப் படத்தை நகர்த்தாமல்தான் துடைப்பாள்.

“போய் எடுத்தாங்க” என்றாள் சரோஜா.

நான் நகரவில்லை. “வேண்டுதல் நிறைவேறாம முடிச்ச அவுக்கக்கூடாது சரோஜா. அம்மனுக்குச் சொன்ன சொல்லு.”

“சாயங்காலம் ஒருத்தி கைல கற்பூரத்த வச்சிக்கப் போறா. அது பரவால்லியா உங்க அம்மனுக்கு?”

ஒரு பக்கம் அம்மனுக்குக் கொடுத்த வாக்கு. இன்னொரு பக்கம் ஒரு பெண்ணின் பெயர். எனக்கு அழுகைதான் வந்தது.

சரோஜா கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டாள். “அப்படி என்னதான் வேண்டிக்கினீங்க?”

“நீ உன் கால்ல நடந்து வந்து... அலமாரியில விளக்கேத்தணும்னு. அப்ப உன் கையாலயே அவுக்கச் சொல்றேன்னு.”

அவள் தன் காலைப் பார்த்தாள். நடக்கலாம் என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம் ஆகியிருந்தது. வாக்கர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றது. ஆனால் அந்தப் படிக்கட்டு பயம்... காலை ஊன்றச் சொன்னாலே கண்ணை மூடிக்கொள்வாள். நானும் கவிதாவும் கெஞ்சிப் பார்த்து விட்டுவிட்டோம்.

“வாக்கர இப்படி இழுங்க” என்றாள்.

“சரோஜா...”

“கட்டில்ல உக்காந்துகினு எந்த கேசும் முடியாது. ஸ்பாட்டுக்குப் போவணும்.”

கட்டிலிலிருந்து பூஜை அலமாரிக்குப் பதினோரு அடி வைத்தாள். நான் எண்ணினேன். நாலாவது அடியில் உதட்டைக் கடித்தாள். ஏழாவதில் “அம்மா” என்றாள் — தன் அம்மாவையா, படத்தில் இருக்கும் அம்மாவையா, நான் கேட்கவில்லை. போய்ச் சேர்ந்து, ஒரு கையால் வாக்கரைப் பிடித்தபடி, நான் பற்றவைத்துக் கொடுத்த தீக்குச்சியால் விளக்கை ஏற்றினாள்.

படத்துக்குப் பின்னால் கைவிட்டு முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். காசு. கூடவே கோடு போட்ட நோட்டுத் தாளில் ஒரு பொட்டலம். அதற்குள் மூக்குத்தி, விளக்கு வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டு!

வாக்கும் தப்பவில்லை. மூக்குத்தியும் கிடைத்தது. இதில் அம்மன் செய்தது எவ்வளவு, அந்த கேம் செய்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது.

“இப்ப நீங்க போங்க” என்றாள் சரோஜா. எங்கே என்று நான் கேட்கவில்லை. காம்பவுண்டுச் சுவரில் இருந்த சீப்பை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

மகேசு பாதிக் கதவைத்தான் திறந்தாள். கண் வீங்கியிருந்தது.

“கெடச்சிச்சா?”

“கெடச்சிது. எடுத்தவன் நான்தான்” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கும்பிட்டேன். அவளைவிட இருபது வயது பெரியவன், அதனால் என்ன? கும்பிட்டேன்.

அவள் சீப்பை உடனே வாங்கவில்லை. “நேத்து பூரா சோறு எறங்கலண்ணே எனக்கு. நீ கேட்டதுகூட இல்ல. கேக்கும்போது என் கையப் பாத்த பாரு... அதான்.”

ஆமாம். பார்த்தேன். அதை இப்போதும் மறக்க முடியவில்லை.

பிறகு சட்டென்று, “அக்காவா நடந்துச்சி? மெய்யாலுமா?” என்று என்னை ஒதுக்கிவிட்டு எங்கள் வீட்டுக்குள் ஓடினாள். சீப்பு என் கையிலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் கோயிலில் தெரு கூடியிருந்தது. விஷயம் ஏற்கெனவே நாலு பேர் காதுக்குப் போயிருந்தது. தீபாராதனை முடிந்ததும் நான் எழுந்து நின்று சொன்னேன்: “மூக்குத்தி என் கையாலதான் தவறிப் போச்சு. மகேசுவ ஒரு வார்த்த கேட்டது என் தப்பு.” முடிந்துவைத்த காசை உண்டியலில் போட்டேன். கூட்டத்தில் ஒரு குரல், “அண்ணாத்தேக்கு மொதல்ல கண்ணாடிய மாத்துங்கப்பா!” என்றது. எல்லோரும் சிரித்தார்கள். மகேசுதான் அதிகம் சிரித்தாள். அது போதும் எனக்கு.

சரோஜா இப்போது கேமில் பெரிய ஆபீசர். தனி அறை கொடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து மகேசு, “யக்கா, இவன் மூஞ்சியே சரியில்ல, புடிச்சி உள்ள போடு” என்பாள். சரோஜா, “இருடி, இன்னும் ரெண்டு க்ளூ வரட்டும்” என்பாள். கேமில் தப்பாகப் பிடித்தால் மார்க் இறங்கும். அடுத்த கேசில் ஏற்றிக்கொள்ளலாம். எனக்கு இறங்கிய மார்க்கை நான் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும்.

தலைவாரி முடித்து, சீப்பை ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு கிளம்பும்போது, தினமும் கேட்டில் நின்று மகேசு ஒரு குரல் கொடுக்கிறாள்.

“அண்ணே, வர்ட்டா? பாக்கெட்ட ஒரு தபா பாத்துக்கோ!”

பார்த்துக்கொள்கிறேன்.